முப்பத்தெட்டு வயசுப் புது வண்டி

அமெரிக்காவில் ஒரு பைக் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். ஓரமாக ஒரு வண்டி நிற்கிறது. புத்தம் புதுசு. பெயின்ட் மினுமினுக்கிறது. டிராக்டருக்கு மாட்டியதுபோலக் குண்டு குண்டாக டயர். யமஹா டி.டபிள்யூ. 200. இந்த வருஷ மாடல்தான் என்கிறார் கடைக்காரர்.

ஆனால், அதன் ஜாதகத்தைப் புரட்டினால் அறிமுகமான வருஷம் 1987! இங்கே எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த வருஷம். 2001ல் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள், கிக்கரைப் பிடுங்கினார்கள். மற்றபடி அதே 196 ஸி.ஸி. இன்ஜின், அதே ஐந்து கியர், இன்னமும் கார்புரேட்டர். 2025 மாடல் வரிசையிலும் அதேதான்.

விலை மட்டும் மாறாமல் இருந்ததா? அதுதான் இல்லை. 2021ல் சுமார் 4,700 டாலர். அதே வருஷம் ஹோண்டா கொண்டுவந்த ஸி.ஆர்.எஃப். 300 எல் என்ற புதிய வண்டி 5,249 டாலர். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர் எல்லாம் சேர்த்து. வித்தியாசம் ஐந்நூற்றுச் சொச்சம் டாலர்தான்!

‘வடிவமைத்த செலவை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அப்புறமும் எதற்கு இந்த விலை?’ என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நியாயமான கேள்வி. பதில் தேட, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இந்த வகை வண்டிக்கு ‘டூயல் ஸ்போர்ட்’ என்று பெயர். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் உண்டு. திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் காட்டுப் பாதை, மண்மேடு, ஓடை எல்லாம் தாண்டலாம்.

1960களில் அமெரிக்கர்கள் இந்த ஆசைக்குப் பெரும்பாலும் கனமான பிரிட்டிஷ் பைக்குகளைத்தான் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தினார்கள். பாலைவன மணலில் அது விழுந்தால், தூக்கி நிறுத்துவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இதைக் கவனித்த யமஹா, 1968ல் டி.டி. 1 என்ற 250 ஸி.ஸி. டூ ஸ்ட்ரோக் வண்டியை இறக்கியது. எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ சுமார். பிய்த்துக்கொண்டு போனது. சுஸுகி, கவாஸாகி, ஹோண்டா எல்லோரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். 1972ல் ஹோண்டா எக்ஸ்.எல். 250 என்று ஃபோர் ஸ்ட்ரோக்கில் இறங்கியது.

அந்தக் காலத்தில் ‘அப்டேட் இல்லை’ என்று யாரும் புலம்பவில்லை. நான்கு கம்பெனிக்கும் குடுமிப்பிடி. ஒருத்தர் ஒன்று செய்தால் மறு வருஷமே அடுத்தவர் அதற்கு மேலே ஒன்று செய்தார்.

அப்புறம் வந்தது 1985. அந்த வருஷம் செப்டம்பரில், நியூயார்க் பிளாஸா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பைக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். மண்ணில் ஓடும் பைக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. கூட்டத்துக்கு முன்னால் ஒரு டாலர் சுமார் 240 யென். 1987 முடியும்போது சுமார் 120 யென். ஒரு வண்டியை இரண்டாயிரம் டாலருக்கு அனுப்பினால், முன்பு ஜப்பானுக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம் யென் வந்து சேரும். இப்போது அதில் பாதி. தொழிலாளிக்குச் சம்பளம் யென்னில். இரும்புக்கு விலை யென்னில். வருமானம் மட்டும் டாலரில்!

விலையை இரட்டிப்பாக்க முடியுமா? ஐயாயிரம் கொடுத்துப் பந்தய பைக் வாங்குகிறவன் முணுமுணுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கொடுப்பான். சின்ன வண்டி வாங்க வருகிறவன், சிக்கனக்காரன். திரும்பிப் போய்விடுவான். விலையை ஏற்ற முடியாது என்றால் செலவை நிறுத்தவேண்டும். எந்தச் செலவை நிறுத்துவது சுலபம்? புதிதாக வடிவமைக்கும் செலவை!

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு இன்ஜினை வார்ப்பதற்கான அச்சு, மிஷின், சோதனை ஓட்டம் எல்லாம் முதலிலேயே கொட்டவேண்டிய பணம். நூறு வண்டி விற்றாலும் அதே செலவு, லட்சம் விற்றாலும் அதே செலவு. வண்டிக்கு வண்டி அதைப் பங்கு போட்டுத்தான் விலை வைக்கவேண்டும். நிறைய விற்றால் பங்கு சின்னது. கொஞ்சமாக விற்றால், தலையில் இடி. ஆகவே கொஞ்சமாக விற்கும் வண்டிக்கு ஒரே வழி: போட்ட அச்சிலேயே வருஷக்கணக்காக வார்த்துக்கொண்டிருப்பது.

‘நல்ல வண்டியாகச் செய்து நல்ல விலை கேட்டிருக்கலாமே?’ கேட்டார்கள் சார்! இதே யமஹா, 2008ல் டபிள்யூ.ஆர். 250 ஆர் என்று ஒன்றை இறக்கியது. அலுமினிய ஃபிரேம், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ரசிகர்கள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. விலை 5,899 டாலர். ‘இருநூற்றைம்பது ஸி.ஸி.க்கா இவ்வளவு?’ என்று மூக்கைச் சுளித்தார்கள். 2013 மாடலாக ஹோண்டாவின் ஸி.ஆர்.எஃப். 250 எல் அங்கே வந்தது. 4,499 டாலர். இரும்பு ஃபிரேம், எடையும் ஜாஸ்தி. ஆனால், தயாரானது தாய்லாந்தில். இன்ஜினோ, ரோட்டில் ஓடும் ஸி.பி.ஆர். 250 ஆரோடு பங்கு போட்டுக்கொண்டது. அச்சுச் செலவை இரண்டு வண்டிகள் சுமந்தன. 2020 மாடலோடு டபிள்யூ.ஆர். கதை முடிந்தது. டி.டபிள்யூ. தாத்தா இன்னும் இருக்கிறார்.

சரி, இந்த வண்டிகளை மாற்றவைப்பது யார்? நீங்களும் நானும் இல்லை. அரசாங்கம்.

கவாஸாகி கே.எல்.எக்ஸ். 250ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புகை விதி இறுகிய ஜப்பானில் 2008லேயே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதே பெயருள்ள வண்டி அமெரிக்காவில் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் கார்புரேட்டரோடுதான் விற்றது. அங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான்! டி.டபிள்யூ.வும் அப்படித்தான். பிறந்த ஊரான ஜப்பானில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் நடமாடுகிறது.

நம் ஊரிலும் இதே கதைதான். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 2016ல் கார்புரேட்டரோடு வந்தது. 2017ல் பி.எஸ். 4 விதி வந்தது. அதே வருஷம் ஹிமாலயனுக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் வந்தது.

ஆகவே, பழைய வண்டிக்கு ஏன் புது விலை என்ற கேள்விக்குப் பதில் பாதிதான் கம்பெனியின் பேராசை. போட்ட முதலை எடுத்த பிறகும் விலையை இறக்காதது அவர்கள் கணக்கு. ஜப்பானில் கொடுத்ததை அமெரிக்காவில் கொடுக்காததும் அவர்கள் கணக்கு. மீதிப் பாதி, வாங்குகிறவர்களுடையது. புதுசு வேண்டும் என்று வாயால் கேட்டோம். பணத்தைப் பழசுக்கே கொடுத்தோம். கம்பெனிக்காரனுக்கு வாய் கேட்காது. கல்லாப் பெட்டிதான் கேட்கும்.

இதில் வாங்குகிறவனுக்கு ஒரு லாபமும் இல்லாமல் இல்லை. மாறாத வண்டிக்கு உதிரி பாகம் தேடி அலையவேண்டாம். பத்து வருஷத்துக்கு முந்தைய வண்டியின் பாகம் இன்றைய வண்டிக்குப் பொருந்தும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

எனவே, பழைய வடிவமைப்பில் புது வண்டி வாங்கப் போனால் ‘எத்தனை வருஷப் பழசு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கம்பெனிக்கு மிச்சமான செலவில் உங்கள் பங்கு எங்கே என்று பாருங்கள். விலையில் தெரிகிறதா, உதிரி பாகத்தில் தெரிகிறதா, பராமரிப்பில் தெரிகிறதா? ஏதாவது ஒன்றில் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். எதிலுமே தெரியாவிட்டால், பக்கத்துக் கடை திறந்துதானே இருக்கிறது?