வேலை நாட்களுக்கு ஒரு வேத வாசிப்புக் கணக்கு

புலம்பெயர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அநேகமானவற்றில் தமிழ் வேதாகமம் ஒன்று இருக்கும். திறப்பதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. ஒருவர் இரவு வேலையால் வரும்போது மற்றவர் காலை வேலைக்கு இறங்குகிறார். பிள்ளைகள் பாடசாலை, நீச்சல், ரியூசன் என்று ஓடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் காதில் விழுவதே அந்தக் கிழமையின் முழு வாசிப்பாகிவிடுகிறது.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்களுடையது கனடாவில் கணக்கு வேலை பார்க்கும் வீடு. தனிநபர் வருமான வரிப் பத்திரம் கொடுக்க இங்கே ஏப்ரல் 30 வழமையான கடைசி நாள். அதனால் லெந்து காலமும் உயிர்த்த ஞாயிறும் வேலை உச்சத்தில் இருக்கும்போதுதான் வந்துபோகும். ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குவோம். தவறிய அதிகாரங்களை நிலுவையாகக் குறித்து அடுத்த நாளோடு சேர்ப்போம். பெப்ரவரி முடிவில் நிலுவை நாற்பதைத் தாண்டும். அதன்பின் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கும். எங்களை நிறுத்தியது நேரக்குறைவு பாதி, அந்த நிலுவை மீதி.

அதிகாரங்களை எண்ணிப் பார்த்தால்

புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73 நூல்கள். 1,189ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ மூன்றேகால் அதிகாரம் வரும். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் றொபேட் மறே மக்செய்ன் 1842இல் தம் சபையாருக்காகத் தயாரித்த அட்டவணை நாளுக்கு நான்கு அதிகாரம் கேட்கிறது. அதன்படி ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவையும் முடியும். நல்ல அட்டவணைதான். ஆனால் இரண்டு வேலை பார்ப்பவருக்கு அது கனமான சுமை.

சிறிய கணக்குகளும் உண்டு:

புதிய ஏற்பாடு: கிழமைக்கு 5 நாள், நாளுக்கு 1 அதிகாரம். 52 கிழமையில் சரியாக 260. சனி, ஞாயிறு ஓய்வு.

நீதிமொழிகள்: 31 அதிகாரங்கள். அன்றைய திகதி எதுவோ அதிகாரமும் அதுவே.

லூக்கா: 24 அதிகாரங்கள். டிசம்பர் 1இல் தொடங்கினால் நத்தாருக்கு முதல் நாள் முடியும்.

மாற்கு: 16 அதிகாரங்கள். நெருக்கடியான மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒன்றாக வாசிக்கலாம்.

ஒரு அதிகாரத்தைப் பாதியில் நிறுத்தினாலும் பிழையில்லை. மூலநூல்களில் அதிகார எண்களோ வசன எண்களோ இருக்கவில்லை. இன்றைய அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரெஞ்சு அச்சாளர் றொபேர் எத்தியன் 1551இல் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களைச் சேர்த்தார். எண்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உதவுபவை மட்டுமே.

பயணத்தில் ஒரு வாசகர்

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் வருகிறார். எங்கள் தொழிற்காரர் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். எருசலேமிலிருந்து ஊர் திரும்பும் வழியில் தேரில் இருந்தபடியே ஏசாயாவை வாசிக்கிறார். அருகே வந்த பிலிப்புவின் காதில் விழும்படி சத்தமாகவே வாசித்திருக்கிறார். பொறுப்பு மிகுந்த அந்த மனிதருக்கும் வாசிக்கக் கிடைத்தது பயண நேரம்தான். எங்களுக்கு அது ரயிலில் கிடைக்கிறது. கார் ஓட்டுபவர்கள் ஒலிப்பதிவில் கேட்கலாம்.

உபாகமம் 6ஆம் அதிகாரம் வீடு, வழி, படுக்கை, விழிப்பு என்று நான்கு சந்தர்ப்பங்களைச் சொல்கிறது. நான்குமே நாளாந்தம் தானாக வருபவை. ஆகவே புதிதாக ஒரு நேரத்தைத் தேடுவதைவிட, ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு வாசிப்பைச் சேர்ப்பது இலகு. காலைத் தேத்தண்ணீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்வரை ஒரு பந்தி வாசிக்கலாம்.

பிள்ளைகளோடு தமிழில்

அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. ஒருநாள் பேத்தியிடம் சங்கீதம் ஒன்றை வாசிக்கச் சொன்னார். பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. கைத்தொலைபேசியில் தேடி ஆங்கிலத்தில் வாசித்தாள். அம்மா முடியும்வரை கேட்டார். பிறகு அதே சங்கீதத்தைத் தமிழில் மனப்பாடமாகச் சொன்னார். பேத்தி ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னாள். அம்மாவுக்குப் பிறகு அப்படிச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் எவரும் ஒரு சங்கீதத்தைக்கூட முழுமையாகப் பாடமாக்கி வைத்திருக்கவில்லை.

இந்தத் தமிழ் வாசகம் எங்கள் கைக்கு இலகுவாக வந்ததல்ல. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்தது. இலங்கையில் பிலிப்பு தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு சைவரான ஆறுமுக நாவலரும் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது.

பிள்ளைகளோடு தொடங்க 119ஆம் சங்கீதம் வசதியானது. அதில் 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். எங்கள் ஆத்திசூடி அகர வரிசையில் போவதுபோல, எபிரெயத்தில் அது எழுத்து வரிசையில் அமைந்தது. இரவுக்கு ஒரு பகுதி என்றால் 22 இரவுகள். பெரியவர் வாசிக்க, பிள்ளை திருப்பிச் சொன்னால் போதும். எழுத்து பின்னால் வரும். பழைய நடை கடினமாயின், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இருக்கிறது.

நிலுவை வேண்டாம்

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்து மன்னா அன்றன்றைக்கே பொறுக்கப்பட்டது. ஓய்வுநாளுக்காக முதல் நாள் சேர்த்தது தவிர, அடுத்த நாளுக்கு மீத்து வைத்தது பழுதாகிப் போனது. அலுவலகத்தில் நிலுவையை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகாமல் கணக்கு முடியாது. வேதத்துக்கு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். தவறிய அதிகாரம் தவறியதாகவே இருக்கட்டும், அடுத்த சுற்றில் வரும்.

இம்முறை வரிக் காலத்தில் பதினொரு நாள் தவறியது. பன்னிரண்டாம் நாள் ரயிலில் அன்றைய அதிகாரத்தைத் திறந்து வாசித்தோம். அன்றிரவு, பேத்தி பாதியில் விட்டிருந்த சங்கீதப் பகுதியைத் தானே கேட்டு வாங்கித் திருப்பிச் சொன்னாள்.