மெட்ராஸில் பிறந்தவரும் குல்மார்க் பனியும்

இந்தத் தடவை வணிகவியலை விட்டுவிட்டு வரலாறு. (சந்தோஷப்படாதீர்கள், வணிகவியலும் நடுவில் எட்டிப் பார்க்கும்.)

வகுப்பில் நாங்கள் ஐந்து பேர், குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க் போவது பற்றி இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். திட்டம் இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதற்காகத் தேடிப் படித்ததில் ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. குளிர்காலத்தில், அதுவும் குளிருகிற மலைக்கு, காசு கொடுத்துப் போகலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

எங்கள் ஊர் சீவலப்பேரி. தாமிரபரணியில் சிற்றாறு வந்து சேரும் இடம். (பாண்டி படத்தைச் சொன்னால்தான் பாதிப் பேருக்குத் தெரியும்!) இங்கே பனி என்றால் மார்கழிக் காலையில் ஆற்றங்கரைப் புல்லில் நிற்கிற ஈரம். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி கொட்டுவதற்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பார்க்காத பொருளுக்குத் தனிப் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டோம் போல.

நம் பக்கத்து மலை ஊர்கள் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து உண்டானவை. கொடைக்கானலில் 1845-ல் மதுரையின் அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு மேலே ஏறியவர்கள் அவர்கள். இடையன்குடி கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று இறந்ததும் கொடைக்கானலில்தான். உடலை மலையிலிருந்து இறக்கி, அவ்வளவு தூரம் கொண்டுவந்து இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள். ஆக, மலை என்றால் நமக்கு ஏப்ரல், மே. டிசம்பரில் மலைக்குப் போகிறேன் என்றால் ஆச்சி சளி பிடிக்கும் என்றுதான் சொல்வாள்.

ஐரோப்பாவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் கோடைக்கால ஊர். செப்டம்பரில் கூட்டம் கலைந்தால் ஹோட்டலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அங்கே யோகான்னஸ் பாட்ரூட் என்ற ஹோட்டல்காரர் 1864-ல் ஊர் திரும்ப இருந்த ஆங்கிலேய விருந்தாளிகள் சிலரிடம் பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் வாருங்கள், இங்கே நல்ல வெயில் அடிக்கும், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நானே தருகிறேன் என்றாராம். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை தங்கி, முகம் கறுத்துப்போய் லண்டன் திரும்பினார்களாம். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் 1928-லும் 1948-லும் குளிர்கால ஒலிம்பிக் நடத்தும் அளவுக்கு அந்த ஊர் வளர்ந்தது கதையில்லை. சும்மா கிடக்கிற அறைக்கும் வாடகை வர வேண்டும். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கேட்டால் பாட்ரூட்டுக்குக் கோயில் கட்டுவார்.

இப்போது நம்ம ஊர் சம்பந்தம். ஹென்றி லன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் 1887-ல் இந்தியாவுக்கு ஊழியத்துக்கு வந்தார். மறு வருடம், 1888-ல், மெட்ராஸில் அவருக்கு ஆர்னால்ட் என்ற மகன் பிறந்தான். அப்பாவுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் சீக்கிரமே இங்கிலாந்து திரும்பிவிட்டார்கள். போனவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் சொகுசாக வாழ்கிறார்கள் என்று 1890-ல் பத்திரிகையில் கிளப்பிவிட்டு, சபைக்குள் பெரிய சண்டையாகிவிட்டது. 1892-ல் சபைகளின் ஒற்றுமைக்காக என்று சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் மாநாடு கூட்டினார். அதற்கு ஆள் கூட்டிப்போன அனுபவமே மெல்ல டிராவல்ஸ் தொழிலாக மாறியது! சொகுசைக் கண்டித்தவர் சொகுசை விற்க ஆரம்பித்தார். நான் குறை சொல்லவில்லை, ஆனால் சிரிப்பு வருகிறது :)

அவர் செய்த தந்திரம் பாருங்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் பேக்கேஜ் டூரில் போவதைக் கேவலமாக நினைத்தார்கள். லன் அதற்கு 'கிளப்' என்று பெயர் வைத்தார். நல்ல பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் உறுப்பினர் அட்டை, ஹோட்டல் முழுக்க அவர்களுக்கு மட்டும். சரக்கு அதேதான், மேலே ஒட்டிய பெயர் வேறு.

1911-ல் அந்தக் கூட்டத்தார் மோன்டானாவில் ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடத்தினார்கள். மேலே தூக்கிப்போக ரோப் கார் கிடையாது. முதல் நாளே ஏறிப்போய்த் தங்கி, மறுநாள் காலையில் சறுக்கி இறங்க வேண்டும். கோப்பைக்கு காந்தஹார் ராபர்ட்ஸ் பிரபுவின் பெயர். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த அதே ராபர்ட்ஸ். பனிச்சறுக்கு உலகில் இன்றைக்கும் காந்தஹார் என்ற பெயர் சுற்றுவதற்கு இதுதான் காரணம்.

மெட்ராஸில் பிறந்த அந்த ஆர்னால்ட் லன், 1922-ல் மியூரன் என்ற ஊரில் இன்றைய ஸ்லாலம் பந்தயத்தை உருவாக்கினார். அதற்கு முன் எவ்வளவு அழகாகத் திரும்புகிறாய் என்று பார்த்து மார்க் போடுவார்களாம். லன் இரண்டிரண்டு கம்புகளாக நட்டு, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து யார் சீக்கிரம் இறங்குகிறாரோ அவரே வெற்றி என்று மாற்றினார். கடிகாரத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது, எனக்கு இது பிடித்திருந்தது. 1952-ல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள்.

குல்மார்க்குக்கு வருவோம். 1927-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அங்கே இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். 1948-ல் நம் ராணுவம் திம்மையா காலத்தில் ஸ்கீ பள்ளி ஆரம்பித்தது. கோண்டோலா என்கிற ரோப் காரின் வேலை கலவரக் காலத்தில் நின்று, முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறந்தது. ஊரின் உயரம் சுமார் 2,650 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் தொட்டபெட்டாவில் உறைபனியோடு சரி, குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குக் கொட்டும்.

கொட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டைத் தரையாகக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அந்த ஏப்ரல் 22-ம் தேதி பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அதன்பிறகு காஷ்மீர் டிக்கெட்டுகளை எத்தனையோ பேர் ரத்து செய்தார்கள். பணம் திரும்பி வரலாம். சறுக்குவண்டி இழுப்பவருக்கும், ஸ்கீ வாடகைக்கு விடுபவருக்கும், குதிரைக்காரருக்கும் அந்த சீசன் திரும்பி வராது. பாட்ரூட்டிடம் பந்தயம் கட்ட ஹோட்டல் இருந்தது. இவர்களிடம் என்ன இருக்கிறது? எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, அவர்கள் பயமும் நியாயம்தான்.

இப்போதைய கணக்கு இது. 2025 ஜூன் 6 முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுகிறது. ஆகவே நாகர்கோவிலில் ஹிம்சாகரில் ஏறி கத்ரா, அங்கிருந்து வந்தே பாரத்தில் ஸ்ரீநகர், பிறகு தங்மார்க் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சாலை. கத்ரா வரைக்கே மூன்று நாள். கிறிஸ்துமஸை நம்புவதைவிட, டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரான சில்லாய் கலானின் கடைசிப் பகுதி, அதாவது ஜனவரி பின்பாதி, மேல் என்று படுகிறது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. எனவே நவம்பர் நடுவில், செமஸ்டர் பரீட்சைக்கு இடையே ஒரு காலை எட்டு மணிக்கு, ஐந்து பேருக்கா மூன்று பேருக்கா என்று முடிவு செய்தாக வேண்டும்.