பின்னாடி நிக்கிறவன் தலையில விழுந்த கணக்கு

பள்ளிக்கூட டீம்ல நான் பேக் ஆடினவன். திறமையினால இல்லீங்க, ஓடத் தெரியாத பசங்களைப் பின்னாடி நிறுத்துறது அப்ப வழக்கம் :-) எங்க பி.டி. மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த மொத்த ஃபுட்பால் பாடமும் ரெண்டே வார்த்தை. "தூக்கி அடிடா!" பந்து எங்க போய் விழுதுங்கறது உன் கவலை இல்ல, நம்ம கோல் பக்கத்துல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த மனுஷன் இப்ப ஒரு ஐரோப்பிய மேட்ச் பார்த்தார்னா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார். கோல்கீப்பர் பந்தைப் பக்கத்துல நிக்கிற டிஃபெண்டருக்கு மெதுவா உருட்டி விடுறார். டிஃபெண்டர் திரும்ப கீப்பருக்கே தர்றார். எதிரணிக்காரங்க மூணு பேர் பாய்ஞ்சு வர்றாங்க, இவங்க பாட்டுக்கு வீட்டு முற்றத்துல விளையாடுற மாதிரி கொடுத்து வாங்கிக்கிட்டு இருக்காங்க. பெரும்பாலும் தப்பிச்சு வெளிய வந்துடுவாங்க. என்னைக்காவது மாட்டினா கோல்தான். உடனே கமெண்ட்ரி சொல்றவர்ல இருந்து நம்ம வீட்டு சோஃபா வரைக்கும் எல்லாரும் அந்த ஒரு டிஃபெண்டரைப் பிடிச்சுத் திட்டுவோம்.

எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு மனக்குறை. தப்பு செய்றது அவன் கால்தான், சரி. ஆனா அப்படி ஆடச் சொன்னது யார்? அப்படி ஆட வேண்டிய நிலைமை எப்படி வந்துச்சு? அதைக் கொஞ்சம் பழைய கதையோட சேர்த்துப் பார்ப்போம்.

1990 ஜூன் 23, இத்தாலியில நேப்பிள்ஸ் நகரம். உலகக் கோப்பை ரெண்டாவது சுற்று, கொலம்பியாவும் கேமரூனும். 90 நிமிஷம் கோலே இல்லாம எக்ஸ்ட்ரா டைம் போச்சு. 106-வது நிமிஷம் ரோஜர் மில்லா ஒரு கோல் அடிச்சார். வயசு 38, மாற்று ஆட்டக்காரரா உள்ள வந்தவர். கொஞ்ச நேரத்துலயே அந்த ரெண்டாவது கோல்.

கொலம்பியா கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டா (ஸ்பானிஷ்ல இகீட்டான்னுதான் சொல்லணுமாம், நமக்கு ஹிகிட்டாவே பழகிப் போச்சு) தன் பெனால்டி பாக்ஸை விட்டு வெகுதூரம் முன்னாடி வந்து நிக்கிறார். டிஃபெண்டர் பெரேயா கொடுத்த பந்து அவர் கால்ல. எதிர்ல மில்லா. ஹிகிட்டா பந்தை உள்ளங்காலால இழுத்து மில்லாவை ஏமாத்தப் பார்த்தார். மில்லா ஏமாறலை. பந்தைத் தட்டிக்கிட்டு ஓடினார். பின்னாடியே துரத்தின ஹிகிட்டா சறுக்கி விழுந்து காலை நீட்டியும் எட்டலை. காலி கோல். அப்புறம் மூலைக் கொடிகிட்ட மில்லா போட்ட ஆட்டம் உலகத்துக்கே தெரியும். கொலம்பியா கடைசியில ஒரு கோல் திருப்பினாலும் 2-1 தோல்வி. கால் இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு ஆச்சு கேமரூன்.

ஒரு சின்ன விஷயம். மில்லாவும் கொலம்பியா கேப்டன் வால்டெராமாவும் பிரான்ஸ்ல மோன்ட்பெல்லியே கிளப்ல ஒண்ணா ஆடினவங்க. ஹிகிட்டா எப்படிப்பட்ட ஆளுன்னு மில்லாவுக்கு முன்னாடியே காதுல விழாமலா இருந்திருக்கும்!

மறுநாள்ல இருந்து ஹிகிட்டா ஒரு கோமாளி. இன்னைக்கும் "முட்டாள்தனமான கோல்கள்"னு தொகுத்துப் போட்டா இது இல்லாம இருக்காது. ஆனா அவரை அங்க நிறுத்தினது கோச் பிரான்சிஸ்கோ மத்துரானா. பல் டாக்டருக்குப் படிச்ச மனுஷன். டிஃபென்ஸ் வரிசையை நல்லா மேல ஏத்தி நிறுத்துவார். அப்ப பின்னாடி பெரிய காலி இடம் விழும். அதைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள்தான் ஹிகிட்டா. கையுறை போட்ட பதினோராவது ஃபீல்டு பிளேயர்னு வச்சுக்குங்க. இதே முறையில 1989-ல அத்லெடிகோ நேஷனல் தென் அமெரிக்காவோட பெரிய கிளப் கோப்பையான லிபர்டடோரஸை ஜெயிச்சது. அந்த இறுதிப் போட்டி பெனால்டியில ஹிகிட்டா நாலைத் தடுத்து, ஒண்ணை அவரே அடிச்சார். கொலம்பியா உலகக் கோப்பையில முதல் சுற்றைத் தாண்டினதே 1990-லதான் முதல் தடவை, அதுவும் இந்த ஆட்டத்தாலதான். மத்த நாள்ல வந்த லாபம் எல்லாம் மத்துரானாவோட "தத்துவம்", நேப்பிள்ஸ்ல வந்த நஷ்டம் மட்டும் ஹிகிட்டாவோட "திமிர்". நல்லா இருக்குல்ல?

சரி, அந்தக் காலத்துல மத்த டீம்கள் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க? அவங்களுக்கு ஒரு பத்திரமான பெட்டகம் இருந்துச்சு. கோல்கீப்பர் கை. டிஃபெண்டருக்கு நெருக்கடி வந்தா கீப்பருக்குத் தள்ளுவார், கீப்பர் கையால எடுத்துக்குவார். எடுத்துட்டு மறுபடி டிஃபெண்டருக்கு உருட்டி விடுவார். டிஃபெண்டர் நாலு அடி நடந்துட்டு திரும்ப அவருக்கே தள்ளுவார். நேரம் ஓடும், ஜனம் கொட்டாவி விடும். 1990 உலகக் கோப்பையிலயே எகிப்தும் அயர்லாந்தும் ஆடின மேட்ச் 0-0. எகிப்து கீப்பர் கைக்கும் டிஃபெண்டர் காலுக்கும் நடுவுல பந்து போய் வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கோப்பையில 52 ஆட்டத்துக்கு 115 கோல், சராசரி 2.21. அதுவரைக்கும் நடந்ததுல அதுதான் குறைச்சல். 1992 ஐரோப்பிய இறுதிப் போட்டியில டென்மார்க் ஜெர்மனியை 2-0ன்னு ஜெயிச்சப்பவும் இதேதான். ஷ்மைக்கேல் கைக்குப் பந்தைத் தள்ளித் தள்ளியே நேரத்தைக் கரைச்சாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, சட்டம் இடம் கொடுத்துச்சு.

அதே 1992-ல சட்டம் மாறிச்சு. தன் ஆளு வேணும்னே காலால தள்ளின பந்தைக் கீப்பர் கையால தொடக் கூடாது. பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல இருந்து அமல்.

ஃபுட்பால் சட்டத்துலயே இவ்வளவு சின்ன வரி இவ்வளவு பெரிய வேலை செஞ்சது வேற இருக்கான்னு தெரியலை. பெட்டகத்தைப் பூட்டிட்டாங்க. அதுவரைக்கும் தலையால முட்டவும், ஆளைத் தடுக்கவும், தூக்கி அடிக்கவும் தெரிஞ்சாப் போதும்னு இருந்த ஒரு தலைமுறை டிஃபெண்டர்களுக்குத் திடீர்னு வேற பரீட்சை. கீப்பர்கள் நிலைமை அதைவிட மோசம், காலால ஆடப் பழகாதவங்க. முதல் கொஞ்ச காலம் எல்லாரும் பி.டி. மாஸ்டர் வழிக்கே போனாங்க, தூக்கி கேலரிக்கு அடிச்சாங்க. ஹாலந்துக்காரர் கிரைஃப் மாதிரி சிலர்தான் வேற மாதிரி யோசிச்சாங்க. எதிரணி ஆள் நம்ம பாக்ஸ் வரைக்கும் துரத்திக்கிட்டு வந்தா, அவன் விட்டுட்டு வந்த இடம் காலிதானே? அவனை வரவழைச்சு, அவனுக்குப் பின்னாடி பாஸ் பண்ணிட்டா பாதி மைதானம் நம்மளுது. கிரைஃப்கிட்ட ஆடின குவார்டியோலா 2008-ல பார்சிலோனா கோச் ஆனதும் இதை ஒரு மதமாவே ஆக்கிட்டார். இந்த முறையில ஆபத்துங்கறது தப்பித் தவறி வர்றது இல்லீங்க. ஆபத்தை வாசல்ல நிக்க வச்சு ஆடுறதுதான் முறையே. அப்ப என்னைக்காவது ஒரு நாள் அது உள்ள வரத்தானே செய்யும்?

2011 டிசம்பர் 10, ரியல் மாட்ரிட் மைதானம். ஆட்டம் ஆரம்பிச்சு அரை நிமிஷம் ஆகலை. பார்சிலோனா கீப்பர் வால்டேஸ் கொடுத்த பாஸ் நேரா எதிரணி கால்ல போச்சு, பென்ஸிமா கோல் அடிச்சார். மொத்த ஸ்டேடியமும் ஊளையிடுது. நானா இருந்தா அதுக்கப்புறம் 90 நிமிஷமும் தூக்கித்தான் அடிச்சிருப்பேன். வால்டேஸ் அடுத்த பந்தையும் பக்கத்துல இருந்த டிஃபெண்டருக்கே தள்ளினார். அதுக்கடுத்ததையும்தான். பார்சிலோனா 3-1ன்னு ஜெயிச்சது. அந்தத் தப்பை இன்னைக்கு எத்தனை பேர் ஞாபகம் வச்சிருக்காங்க? ஜெயிச்சதால மறந்துட்டோம். ஹிகிட்டா தோத்தார், அதனால மறக்கலை. ரெண்டுக்கும் நடுவுல தரத்துல பெரிய வித்தியாசம் இருக்கிறதா எனக்குத் தோணலை.

தோத்தவங்கள்ல என்னை ரொம்பப் பாதிச்சது ஸ்டீவன் ஜெரார்ட். அவர் டிஃபெண்டர் இல்லதான். ஆனா 2014 ஏப்ரல் 27 அன்னைக்கு செல்சியோட ஆடும்போது டிஃபெண்டர்களுக்கு நடுவுல இறங்கி வந்து ஆட்டத்தைத் தொடங்குற வேலை அவருது. சாக்கோ கொடுத்த சாதாரண பாஸ். கால்ல நிக்காம நழுவிச்சு, பிடிக்கப் போனவர் வழுக்கி விழுந்தார், டெம்பா பா ஓடிப்போய் கோல். லிவர்பூல் 2-0ன்னு தோத்தது. லீக் கோப்பை 86 புள்ளியோட மான்செஸ்டர் சிட்டிக்கு, லிவர்பூலுக்கு 84. அதுக்கடுத்த ஆட்டத்துலயே கிரிஸ்டல் பேலஸ்கிட்ட 3-0ன்னு முன்னாடி இருந்துட்டு 3-3ன்னு விட்டாங்களே, அதைப் பத்தி ரசிகர்கள் பாட்டுக் கட்டுறதில்லை. வழுக்கினதுக்குத்தான் பாட்டு. லிவர்பூல்காரராவே பிறந்து வளர்ந்த மனுஷன், அந்த லீக் கோப்பையைத் தொடாமலே போயிட்டார். 2020-ல லிவர்பூல் ஜெயிச்சப்ப அவர் ஸ்காட்லாந்துல கோச்.

இன்னொண்ணு, 2019 ஜூன் 6, போர்ச்சுகல்ல நேஷன்ஸ் லீக் அரை இறுதி, இங்கிலாந்தும் ஹாலந்தும். முதல் பாதியில ஹாலந்து டிஃபெண்டர் டி லிட் பந்தைத் தவறவிட்டு, ரேஷ்ஃபோர்டைத் தடுக்கி விட்டு பெனால்டி கொடுத்தார். இங்கிலாந்து 1-0. 73-வது நிமிஷம் அதே டி லிட் தலையால முட்டி சமன் பண்ணினார், அவர் கணக்கு தீர்ந்தது. எக்ஸ்ட்ரா டைம்ல ஜான் ஸ்டோன்ஸ் தன் பாக்ஸ்கிட்ட பந்தை வச்சுக்கிட்டு ஒரு கணம் கூடுதலா யோசிச்சார், டெபாய் பிடுங்கினார், கடைசியில கைல் வாக்கர் மேல பட்டு சேம் சைடு கோல். அப்புறம் பார்க்லி பின்னாடி தள்ளின பந்தும் எதிரணிக்கே போய் 3-1. ஸ்டோன்ஸுக்குக் கணக்கைத் தீர்க்க வாய்ப்பே கிடைக்கலை.

அன்னைக்கு இங்கிலாந்து கோச் கேரத் சவுத்கேட் தன் ஆட்களைக் காட்டிக் கொடுக்கலை. இப்படி ஆடித்தான் இவ்வளவு தூரம் வந்தோம், இதை விடப் போறதில்லைங்கற மாதிரிதான் பேசினார். 1996-ல ஐரோப்பிய கோப்பை அரை இறுதியில பெனால்டியைத் தவறவிட்டு வருஷக்கணக்கா அதைச் சுமந்தவராச்சே. ஒரு நிமிஷத்துத் தப்பு ஒருத்தன் பேரோட எப்படி ஒட்டிக்கும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே 2019-ல இன்னொரு சட்டமும் மாறிச்சு. கோல் கிக் பந்து பாக்ஸைத் தாண்டித்தான் ஆகணும்னு இருந்ததை எடுத்துட்டாங்க. டிஃபெண்டர் இப்ப பாக்ஸுக்குள்ளயே, கீப்பருக்குப் பக்கத்துலயே நின்னு வாங்கிக்கலாம். இன்னும் பின்னாடி, இன்னும் நெருக்கடி. தப்பு நடந்தா கோலுக்குப் பத்து அடிதான்.

போன வாரம் பையனோட ஒரு மேட்ச் பார்த்துக்கிட்டு இருந்தேன். கீப்பர் பந்தை வச்சார், ரெண்டு பக்கமும் ரெண்டு டிஃபெண்டர், எதிர்ல மூணு பேர் தயாரா நிக்கிறாங்க. இவ்வளவு நியாயம் பேசுற நானே என்னை அறியாம "தூக்கி அடிடா"ன்னு கத்திட்டேன். பையன் ஒரு பார்வை பார்த்தான் பாருங்க...

பி.கு.: ஹிகிட்டாவைப் பத்திப் பேசினா ஆந்த்ரே எஸ்கோபாரை விட்டுட்டியேன்னு கேட்பீங்க. அதே கொலம்பியா, அதே நேஷனல் கிளப், 1994 உலகக் கோப்பையில அமெரிக்காவுக்கு எதிரா சேம் சைடு கோல், பத்தே நாள்ல மெடலின்ல சுட்டுக் கொன்னாங்க. ஆனா அது கிராஸைத் தடுக்கக் காலை நீட்டினப்ப வந்த கோல், பின்னாடி இருந்து ஆடினதுல வந்தது இல்ல. அதைப் போற போக்குல எழுத மனசு வரலை. தனியா எழுதுறேன்.