மார்கரெட் கசின்ஸ்: பியானோ, பள்ளிக்கூடம், வேலூர் சிறை

மார்கரெட் எலிசபெத் கசின்ஸ் (1878–1954) அயர்லாந்தில் பிறந்து, வாழ்நாளின் பிற்பாதியைப் பெரும்பாலும் சென்னை மாகாணத்தில் கழித்த பியானோ கலைஞர், இசையாசிரியை, பெண் வாக்குரிமைப் போராளி. இந்திய மாதர் சங்கத்தையும் அகில இந்திய மகளிர் மாநாட்டையும் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட். தாகூரின் ‘ஜன கண மன’ பாடலுக்கு 1919இல் மேலைநாட்டு முறையில் சுரக்குறிப்பு எழுதியவர். 1932ஆம் ஆண்டின் இறுதியில் கைதாகி வேலூர் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டவர். பெண்ணுரிமை வரலாறுகளில் அவர் பெயருக்குக் குறையில்லை. அவற்றில் இசை மட்டும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அவர் பட்டம் பெற்றது இசையில். முதலில் சம்பாதித்தது பியானோ சொல்லிக்கொடுத்து. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதில் வெளியிட்ட நூலும் இசையைப் பற்றியதே.

அயர்லாந்து

ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற சிற்றூரில், மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது இட்ட பெயர் மார்கரெட் கில்லஸ்பி; வீட்டிலும் நண்பர்களிடையிலும் கிரெட்டா. டெரி நகரில் பள்ளிப் படிப்பை முடித்து, உதவித்தொகை பெற்று டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் இசைக் கழகத்தில் சேர்ந்தார். 1902இல் அயர்லாந்து ராயல் பல்கலைக்கழகத்தின் இசை இளங்கலைப் பட்டம் பெற்றார். வீட்டுக்கூடத்தில் விருந்தினர் முன்னால் இரண்டு உருப்படி வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று பெண்களுக்கு இசை பழக்கிய காலம் அது. இசை இலக்கணமும் பல குரல் இயைபும் எழுத்துத் தேர்வாக எழுதிப் பட்டம் வாங்கிய பெண்கள் அப்போது சிலரே. இந்தப் பயிற்சிதான் பின்னால் மதனப்பள்ளியில் தாகூர் பாடலைக் குறிப்பாக எழுதக் கைகொடுத்தது.

1903இல் கவிஞரும் நாடகக்காரருமான ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். யேட்ஸ் முதலிய ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சிக்காரர்களோடு பழகிய தம்பதி. 1904இல் இளைஞர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அவர்கள் வீட்டில் சில நாள் தங்கினார். அங்கே கிடைத்த சைவச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மார்கரெட்டும் கணவரும் புலால் மறுத்தவர்கள், பிரம்மஞானக் கொள்கையில் ஈடுபட்டவர்கள். இந்த இரண்டும்தான் பிறகு அவர்களைச் சென்னையில் பிரம்மஞான சபை இருந்த அடையாற்றுக்கு இழுத்துவந்தன. திருமணத்துக்குப் பிறகும் மார்கரெட் பகுதிநேரமாகப் பியானோ கற்பித்தார்.

1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். 1910இல் லண்டனில் அமைச்சர்களின் வீட்டு ஜன்னல்களை உடைத்ததற்காக ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913இல் டப்ளின் கோட்டையின் ஜன்னல்களை உடைத்ததற்காக டல்லமோர் சிறையில் மீண்டும் ஒரு மாதத் தண்டனை. டல்லமோரில் அவரும் தோழிகளும் தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டு உண்ணாவிரதம் இருந்து விடுதலை பெற்றார்கள். வேலூருக்கு வந்தபோது சிறை அவருக்குப் புதிய இடமல்ல.

மதனப்பள்ளி

1915இல் தம்பதி இந்தியா வந்தார்கள். பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழில் ஜேம்ஸுக்கு வேலை. 1916இல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி அவர் எழுதிய கட்டுரையால் அந்த வேலை போயிற்று. பெசன்ட் அவரைக் கைவிடவில்லை. மதனப்பள்ளியில் பிரம்மஞான சபை நடத்திய கல்லூரிக்கு அனுப்பினார். மார்கரெட் அங்கே ஆங்கிலம் கற்பித்தார். வட ஆற்காட்டின் சில பகுதிகளையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதில் சேர்ந்த ஊர் மதனப்பள்ளி.

1919 பிப்ரவரியில் தாகூர் தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தில் அந்தக் கல்லூரியில் சில நாள் தங்கினார். மாணவரும் ஆசிரியரும் வாரந்தோறும் கூடிப் பாடும் மாலைக் கூட்டம் ஒன்றில், கவிஞரைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். அவர் ‘ஜன கண மன’ பாடினார். 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரசில் முதலில் பாடப்பட்ட பாடல்தான். ஆனால் மதனப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிது. வங்காளம் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் வரும் வாழ்த்தைச் சேர்ந்து பாடினார்கள். பிறகு கவிஞர் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். மார்கரெட் அவர் பாடக் கேட்டு மெட்டை ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பில் எழுதினார். தாகூர் அதை ஏற்றுக்கொண்டார். கல்லூரி அப்பாடலைத் தன் வழிபாட்டுப் பாடலாக்கிக்கொண்டது. அரசியல் நிர்ணய சபை அதை 1950 ஜனவரி 24 அன்று தேசிய கீதமாக ஏற்றது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் அவசியம். ‘தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர் மார்கரெட் கசின்ஸ்’ என்று பள்ளி மலர்களிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் எழுதிவிடுகிறார்கள். மெட்டு தாகூருடையது. மார்கரெட் செய்தது கேட்டதைத் தாளில் பதிவது. இப்படிச் சொல்வதால் அவர் பங்கு குறைந்துவிடாது. சொற்கள் புரியாத ஒரு பாடலை, தனக்குப் பழக்கமில்லாத மரபில் வளர்ந்த குரலிலிருந்து கேட்டு, அசை எங்கே நீள்கிறது, சுரம் எங்கே திரும்புகிறது என்று பிசகாமல் எழுதத் தேர்ந்த காது வேண்டும். பாடலின் அமைப்பும் ஒத்துழைத்தது. வடநாட்டு இசையில் பிலாவல் என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டது. பியானோவின் வெள்ளைக் கட்டைகளை ‘சி’யில் தொடங்கி வரிசையாக அழுத்தினால் கிடைக்கும் மேஜர் ஸ்கேலும் அதுவே. ‘ஜன கண மன’ பெரும்பாலும் அந்தச் சுரங்களுக்குள் நடக்கிறது. இடையில் பிரதி மத்யமம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அதே மார்கரெட்டிடம் ஒரு தோடி வர்ணத்தைக் கொடுத்திருந்தால் ஐந்து கோடுகள் போதாமல் திண்டாடியிருப்பார். பியானோவில் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே நழுவிப்போக வழி கிடையாது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வாழ்வதோ அந்த இடைவெளியில்தான்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களில் சென்னையிலிருந்து கர்நாடக இசை உருப்படிகளை மேலைநாட்டுக் குறிப்பில் அச்சிட்டார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது. 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் பண்டிதரின் மகள்கள் வீணையிலேயே சுருதிக் கணக்கை வாசித்துக் காட்டினார்கள். அயர்லாந்தின் குளொன்மெல் ஊரில் பிறந்த வயலின் கலைஞர் மாட் மெக்கார்த்தியும் 1907 வாக்கில் பெசன்டோடு இந்தியா வந்து, இராகங்கள் பாடக் கற்று, லண்டன் அறிஞர் சபையில் அவற்றைப் பற்றி உரையாற்றினார். மார்கரெட்டைத் தனித்து முளைத்தவராகக் காட்டும் எழுத்துகள் இவர்களையெல்லாம் மறந்துவிடுகின்றன.

சங்கமும் வாக்குரிமையும்

1917இல் அடையாற்றில் அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் இதழான ‘ஸ்திரீ தர்மா’வில் ஆசிரியப் பணி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அதைக் கூட்டிச் சேர்த்தவர் மார்கரெட். 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது.

1919–20இல் மங்களூர் தேசியப் பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியையாக இருந்தார். 1922இல் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார். 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது தூண்டுதலாக இருந்தவரும் மார்கரெட்தான். கமலாதேவி மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சட்டமன்றம் புகுந்ததில் மாதர் சங்கத்தின் பங்கு பெரிது. பெண் கல்வியைப் பற்றிப் பேச 1927 ஜனவரியில் பூனாவில் கூடிய கூட்டமே அகில இந்திய மகளிர் மாநாடாக வளர்ந்தது. அதற்கான அழைப்பும் மார்கரெட்டிடமிருந்து போனதே. 1936இல் அவர் அதன் தலைவரானார்.

வேலூர்

1932 டிசம்பரில், அவசரச் சட்டங்களைக் கண்டித்துச் சென்னைப் பொதுக்கூட்டத்தில் பேசியதற்காகக் கைதானார். ஓராண்டுச் சிறை. அனுப்பப்பட்ட இடம் வேலூர் பெண்கள் சிறை. அப்போது வயது 54.

அன்றைய வேலூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். கோட்டையும் 1806 சிப்பாய்க் கலகமும் ஒரு பெயர். 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி இன்னொரு பெயர். பாலாற்றுப் பக்கம் இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஷாப்புகள் பெருகியிருந்தன. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பாதி பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயின. ஆனால் போராட்டக்காரப் பெண்களின் குடும்பங்கள் வேலூரை அறிந்துகொண்டது சிறையால்தான். மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் சட்டமறுப்புப் பெண்கள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி இங்கே இருந்தார். காங்கிரஸ் தலைவர் சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாள் இருந்தார்; சக கைதிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கடலூர் அஞ்சலையம்மாள் கருவுற்ற நிலையில் இங்கே இருந்து, பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, பிள்ளையோடு திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு ‘ஜெயில் வீரன்’ என்றே பெயர் வந்தது.

1930 முதல் கைதிகளை ஏ, பி, சி என வகுப்புப் பிரிக்கும் வழக்கம் வந்திருந்தது. படிப்பும் சொத்தும் உள்ளவருக்கு மேல் வகுப்பு, கூலிக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கீழ் வகுப்பு. குற்றம் இருவருக்கும் ஒன்றே. டல்லமோரில் அரசியல் கைதி என்ற தகுதிக்காகப் பட்டினி கிடந்தவர், அந்தத் தகுதியைத் தட்டுத்தட்டாகப் பிரித்துவைத்த ஏற்பாட்டுக்குள் வேலூரில் வந்து சேர்ந்தார். காந்தியடிகளுக்கு ஆதரவாக இங்கேயும் உண்ணாநோன்பு இருந்தார். 1933இன் பெரும்பகுதி இந்தச் சிறையில் கழிந்தது.

அவர் போராடிப் பெற்ற வாக்குரிமையின் எல்லையையும் இந்த வட்டாரத்தை வைத்தே அளந்து பார்க்கலாம். 1921இன் வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ள பெண்ணுக்கு. தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியருகே வேலை பார்த்தவரின் மனைவிக்கு அதில் இடமில்லை. மார்கரெட்டின் அமைப்புகள் இதை உணராமல் இல்லை. 1930களின் தொடக்கத்தில், கணவன் வாக்காளன் என்பதற்காக மனைவிக்கு வாக்கு என்ற யோசனையை அவை மறுத்து, வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்று கேட்டன. ஆங்கில அரசு இணங்கவில்லை. இன்று ஆம்பூர், இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள்தாம். அவர்களின் பாட்டிமார் முதன்முதலில் வாக்களித்தது 1952 பொதுத் தேர்தலில்.

பிற்காலம்

விடுதலைக்குப் பிறகு 1935இல் சென்னையில் ‘கிழக்கு, மேற்கு நாடுகளின் இசை’ என்ற பொருளுடைய அவரது ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. இரு மரபுகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். கர்நாடக இசைக்குப் பியானோ இயைபு சேர்த்து ‘மேம்படுத்த’ முயன்றவர்கள் இருந்த காலத்தில், பியானோ படித்த இவர் இந்தியப் பள்ளிகளில் இந்திய இசையே கற்பிக்கப்பட வேண்டும் என்று வாதாடினார். தமிழில் இன்று கவனமாகப் படிக்கப்பட வேண்டிய அவருடைய நூல் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1922இல் ‘ஆசியப் பெண்மையின் விழிப்பு’, 1941இல் ‘இன்றைய இந்தியப் பெண்மை’ என்ற பொருளுடைய நூல்களும், 1950இல் கணவரோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு ‘நாங்கள் இருவர் சேர்ந்து’வும் ஆங்கிலத்தில் வந்தன.

1940களின் நடுவில் பக்கவாதம் தாக்கியது. பியானோ வாசித்த கை முடங்கிப் பத்தாண்டு படுக்கையில் கழித்தார். சென்னை அரசும், பிறகு ஜவாஹர்லால் நேருவும் அவர் செய்த தொண்டுக்காகப் பண உதவி அளித்தார்கள். 1954 மார்ச் 11 அன்று அடையாற்றில் காலமானார். ஜேம்ஸ் கசின்ஸ் 1956இல் மதனப்பள்ளியில் இறந்தார். புது தில்லியில் அகில இந்திய மகளிர் மாநாட்டின் தலைமை அலுவலக நூலகம் மார்கரெட் கசின்ஸின் பெயரைத் தாங்கியுள்ளது.