உரிமை வாரிசும் கொடுங்கோலனும்: ‘மெக்பெத்’ நாடகமும் வரலாறும்

கொடுங்கோலனுக்கு எதிராக எழும் வாரிசு நல்லவனாகத்தான் இருப்பான் என்பதற்கு என்ன உறுதி? ஷேக்ஸ்பியர் சுமார் 1606இல் எழுதிய ‘மெக்பெத்’தின் நான்காம் அங்கம் இவ்வினாவை நேராகவே எதிர்கொள்கிறது. மன்னன் டங்கனைக் கொன்று மெக்பெத் ஸ்காட்லாந்தின் அரியணையில் அமர்ந்துவிட்டான். டங்கனின் மகன் மால்கம் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருக்கிறான். தன்னை அழைக்க வந்த மக்டஃப்பிடம் அவன், தான் காமுகன் என்கிறான், பேராசைக்காரன் என்கிறான். இவ்விரண்டையும் மக்டஃப் பொறுத்துக்கொள்கிறான். அரசனுக்குரிய நற்குணம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்று மால்கம் சொன்னதும், நீ ஆளவும் தகாதவன், வாழவும் தகாதவன் என்று மக்டஃப் கைவிரித்துவிடுகிறான். அதன்பிறகே மால்கம் தான் சொன்னவை யாவும் பொய் என்றும், வந்தவன் மெக்பெத்தின் ஆளோ என்று சோதித்ததாகவும் கூறுகிறான்.

நாம் இங்குச் சற்று நிற்க வேண்டும். கொடுங்கோலன் செய்த குற்றத்தை மறைக்கிறான்; வாரிசோ செய்யாத குற்றத்தைத் தன்மீது ஏற்றிக்கொள்கிறான். அதனினும் பெரிது மக்டஃப்பின் மறுப்பு. இரத்த உரிமை மட்டும் போதாது, கீழ்ப்படிதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவன் நிலைநாட்டுகிறான். நம் ஃபுகஹாக்கள் நெடுங்காலம் விவாதித்த எல்லை இது.

ஆனால் வரலாறு வேறு கதை சொல்கிறது. டங்கன் 1040இல் போரில் மடிந்தவர். உறக்கத்தில் கொல்லப்பட்ட முதியவர் அல்லர். தந்தைக்குப்பின் மகன் என்ற முறை அன்று அங்கு உறுதிப்பட்டிருக்கவில்லை. மெக்பெத்தின் மனைவி குரூவோக் அரச குலத்தவர். அவர் பதினேழு ஆண்டுகள் ஆண்டார். 1050இல் ரோமுக்குப் புனிதப் பயணம் சென்று ஏழைகளுக்குப் பொருளை வாரி வழங்கினார். 1057இல் அவர் கொல்லப்பட்டதும் பட்டம் பெற்றவர் அவருடைய மனைவியின் மகன் லுலாஹ். அவரையும் கொன்ற பின்னரே, 1058இல், மால்கம் அரசரானார். நாடகத்தில் லுலாஹ் இல்லை. மால்கமின் வழித்தோன்றலான முதலாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்தின் மன்னராகியிருந்ததை நினைத்தால் இம்மௌனம் விளங்கும்.

இதைக் கண்டு நாம் புன்னகைக்க இயலாது. உமய்யாக்கள் பற்றி நாம் ஓதும் வரலாறுகளில் பெரும்பாலானவை, ஹிஜ்ரி 132இல் (750) அவர்களை வீழ்த்திய அப்பாஸியர் ஆட்சியில் எழுதப்பட்டவை. ஆயினும் உமய்யா கலீபாக்களின் கப்றுகள் தோண்டப்பட்டபோது உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கப்று மட்டும் விட்டுவைக்கப்பட்டதென்று எழுதியவர்களும் அக்கால ஆசிரியர்களே. ஷேக்ஸ்பியருக்கு மூலமான ஹோலின்ஷெட்டும் அத்தகைய நேர்மையைக் காட்டியவர்தாம்: மெக்பெத் பத்தாண்டுகள் நீதியுடன் ஆண்டதாக அவருடைய நூல் ஒப்புக்கொள்கிறது. அப்பத்தாண்டுகளுக்கு நாடகத்தில் ஒரு காட்சிகூடக் கிடைக்கவில்லை.