விளையா நிலத்தில் உழவு: மோர்மன் மிசனரிமாரின் சோர்வும் நம்பிக்கையும் (1830 – 1856)

மிசன் வரலாறுகளை எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குவர். எத்தனை தேவாலயங்கள் எழுந்தன, எத்தனை பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன, எத்தனை பேர் மதம் மாறினர் என்பனவே அவ்வரலாறுகளின் அளவுகோல்களாக அமைகின்றன. கதவு திறவாத வீடுகளும் கேட்பாரின்றிக் கழிந்த வாரங்களும் அவற்றுள் இடம்பெறுவது அரிது. ஆயினும், ஊழியத்துக்கெனப் புறப்பட்ட ஒருவனுடைய காலத்திற் பெரும் பகுதி அத்தகைய வாரங்களாலேயே ஆனது. அவ்வாரங்களை அவன் எவ்வாறு கடந்தான், எதனைப் பற்றிக்கொண்டு கடந்தான் என்னும் வினாக்கள் சமய வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சமூக வரலாற்றுக்கும் உரியன. மோர்மன் மிசனரிமாரின் முதல் இருபத்தைந்து ஆண்டு அனுபவங்களைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோர்மன் சபை என உலகம் அழைத்துவந்த சமய அமைப்பு 1830ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில் யோசேப் சிமித்தினால் நிறுவப்பட்டது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். அப்பெயராலேயே தம்மைக் குறிப்பிட வேண்டுமென 2018ஆம் ஆண்டில் அச்சபையின் தலைமை வற்புறுத்தியது. இக்கட்டுரை பேசும் காலத்தவரை வரலாற்றாசிரியர் மோர்மன்கள் என்றே குறித்துள்ளமையால் இங்கும் அவ்வழக்கே கொள்ளப்படுகின்றது. இச்சபையின் மிசனரிமார் குருத்துவக் கல்வி பெற்றோர் அல்லர். கமக்காரர், தச்சர், மாலுமிகள், சுரங்கக் கூலிகள் முதலான சாதாரண மக்களே அவர்கள். ஊதியமின்றி, இருவர் இருவராக, கையிற் பணமும் கொள்ளாது புறப்படுவதே தொடக்ககால வழக்கமாக இருந்தது.

இவ்வழக்கத்தின் முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் நிறுவனரின் தம்பியாகிய சாமுவேல் சிமித் ஆவார். 1830ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அவர் மோர்மன் நூலின் பிரதிகளைப் பையிலிட்டுக் கொண்டு தனியே நடந்து சென்றார். முதல் நாளில் இருபத்தைந்து மைல் தூரம் நடந்தும் ஒரு பிரதியேனும் விலைபோகவில்லை. இரவு தங்கச் சென்ற விடுதிக்காரரும், நூலின் வரலாற்றைக் கேட்டதும் அவரை வெளியேற்றினார். அன்றிரவு அவர் ஓர் அப்பிள் மரத்தின் கீழ்ப் படுத்துறங்கினார் என்று அவருடைய தாயார் லூசி எழுதிய குடும்ப வரலாறு கூறுகின்றது. பயனற்றதெனத் தோன்றிய அப்பயணத்தில், கிறீன் என்னும் மெதடிஸ்த போதகரின் வீட்டில் ஒரு பிரதி விடப்பட்டது. அவருடைய மனைவி பிரிகாம் யங் என்பவரின் சகோதரி ஆவார். 1832ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற பிரிகாம் யங்கே பின்னர் சபையின் இரண்டாம் தலைவராகி, அதனை மேற்கே யூட்டாவுக்கு இட்டுச் சென்றவர். சாமுவேலின் கதை மோர்மன்களிடையே இன்றும் மீண்டும் மீண்டும் கூறப்படுவதற்கு இதுவே காரணம்.

இதனினும் விரிவான சான்றுகள் உள்ள நிகழ்ச்சி ஹவாய்த் தீவுகளில் இடம்பெற்றது. 1850ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பொற்சுரங்கங்களில் வேலைசெய்து கொண்டிருந்த மோர்மன் இளைஞருட் சிலர் ஹவாய்க்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். பத்துப் பேர் கொண்ட அக்குழு அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் திகதி ஹொனலூலுவை அடைந்தது. அங்கு வாழ்ந்த வெள்ளையருக்கு ஆங்கிலத்திற் போதிப்பதே அவர்களின் எண்ணமாக இருந்தது. ஆனால் வெள்ளையரோ மிகச் சிலர். அச்சிலரும் செவிசாய்க்கவில்லை. சில மாதங்களுக்குள் குழுவின் தலைவர் உட்பட ஐவர் தீவுகளை விட்டு நீங்கினர். எஞ்சியோர் ஐவர்.

அவ்வைவருள் ஒருவரான ஜோர்ஜ் கானனுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. லிவர்பூலிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். மௌயித் தீவிலுள்ள லஹைனாவில் அவரும் இரு தோழரும் தங்கியிருந்தனர். வந்த நோக்கம் நிறைவேறாதபோது திரும்பிச் செல்வதா, தங்குவதா என்னும் கேள்வி அவர்கள் முன் நின்றது. கானன் தங்கினார். ஆயினும் அவர் முன்போலவே தங்கிவிடவில்லை. ஆங்கிலம் அறிந்த சிலரைத் தேடுவதை விடுத்து, அந்நாட்டு மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே பேசுவதெனத் துணிந்து, ஹவாய் மொழியைக் கற்கலானார். சேம்பினக் கிழங்கை அவித்து இடித்துப் புளிக்கவைத்த 'போய்' என்னும் உணவு தொடக்கத்தில் அவருக்குக் குமட்டலைத் தந்தது. மக்களோடு வாழவேண்டின் அவர்கள் உண்பதை உண்ணவும் வேண்டும் என்பதனால், அது தமக்கு இனிக்கவேண்டுமெனப் பிரார்த்தித்து உண்ணப் பழகினார் என அவரே எழுதியுள்ளார். மொழி கற்றலும் உணவு பழகலும் ஒரே முடிவின் இரு கூறுகள் எனலாம்.

1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கானன் தீவைச் சுற்றிக் கால்நடையாகப் புறப்பட்டார். வைலுகு என்னும் ஊரில் யொனதன் நபேலா என்பவரைச் சந்தித்தார். நபேலா ஒரு நீதவான். லஹைனாலுனாக் கல்லூரியிற் கற்றவர். இச்சந்திப்பே மிசனின் திருப்புமுனையாயிற்று. நபேலா 1852ஆம் ஆண்டு ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய துணையோடு கானன் மோர்மன் நூலை ஹவாய் மொழியிற் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1855ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் அச்சாகியது. கானன் 1854ஆம் ஆண்டில் நாடு திரும்பியபோது, தீவுகளிற் சபையைச் சேர்ந்தோர் தொகை சில ஆயிரமாக உயர்ந்திருந்தது.

இவ்வெற்றியை ஓர் இளைஞனின் மனவுறுதிக்கு மட்டும் உரியதாக்குவது வரலாறாகாது. யாழ்ப்பாணத்துக்கு 1816ஆம் ஆண்டில் மிசனரிமாரை அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கம் 1820ஆம் ஆண்டில் ஹவாய்க்கும் அனுப்பியிருந்தது. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவியவர்களின் சகோதர மிசனரிமாரே 1831ஆம் ஆண்டில் லஹைனாலுனாவையும் நிறுவினர். ஹவாய் மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்து, மக்களிடையே எழுத்தறிவைப் பரப்பி, 1839ஆம் ஆண்டளவில் முழு விவிலியத்தையும் அம்மொழியில் வெளியிட்டவர்களும் அவர்களே. அதே ஆண்டில் அரசர் சமயச் சகிப்புத்தன்மையை ஆணையாகப் பிரகடனம் செய்தார். கானன் விதைத்த நிலம் பிறரால் முன்பே உழப்பட்டிருந்தது என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

உழப்படாத நிலத்தில் நடந்தது என்ன என்பதனை இந்தியாவிலும் இலங்கையிலும் காணலாம். கல்கத்தாவுக்கு வந்த இரு மோர்மன் மாலுமிகள் ஏற்படுத்திய தொடர்பின் பயனாக 1851ஆம் ஆண்டில் அங்குப் பணி தொடங்கியது. 1852ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சோல்ட் லேக் நகரில் நடைபெற்ற மாநாட்டில் ஏறத்தாழ நூறு மிசனரிமார் உலகின் பல பாகங்களுக்கும் நியமிக்கப்பட்டனர். அவர்களுட் பதின்மூவர் இந்தியாவுக்கும் சீயத்துக்கும் உரியோர். சான்பிரான்சிஸ்கோவிற் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று மாதம் கடலிற் கழித்து, 1853ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர். சீயத்துக்குரிய நால்வருட் சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி ஆகிய இருவர், பர்மாவில் நிகழ்ந்த போரினால் வழி தடைப்பட, இலங்கைக்கு வந்தனர். இங்கு அவர்களுக்கு வரவேற்பில்லை. எதிர்ப்பையே கண்ட அவர்கள் நெடுநாள் தங்காது பம்பாய் சென்றனர்.

சென்னைக்குச் சென்ற றிச்சர்ட் பலன்டைனின் அனுபவம் இன்னும் ஆழமாக நோக்கத்தக்கது. 1849ஆம் ஆண்டில் சோல்ட் லேக் பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பாடசாலையை ஆரம்பித்தவர் அவரே. சென்னையில் அவரும் றொபேட் ஸ்கெல்டனும் துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டனர். வீடு வீடாகச் சென்றனர். ஒரு மாத இதழையும் நடத்தினர். பத்திரிகைகள் அவர்களைத் தாக்கின. பலதார மணக் கொள்கை 1852ஆம் ஆண்டு மாநாட்டிலேயே பகிரங்கப்படுத்தப்பட்டிருந்தமையால், அச்செய்தி அவர்கள் சென்ற ஊர்களிலெல்லாம் கதவுகளை அடைத்தது. படைமுகாம்களிற் போதிப்பதற்கும் பல இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டது. கையிற் பணமின்றி நடந்து திரியும் வெள்ளையனை ஆங்கிலேய ஆட்சிச் சமூகம் மதிக்கவில்லை. நாட்டு மக்களுக்கோ அவன் ஆள்வோருள் ஒருவனாகவே தோன்றினான். ஏறத்தாழ ஓராண்டு உழைத்தும் மிகச் சிலரே சேர்ந்தனர். 1854ஆம் ஆண்டிற் பலன்டைன் திரும்பினார். ஸ்கெல்டன் 1856ஆம் ஆண்டு வரை இந்தியாவில் நின்று, இறுதியாக வெளியேறியோருள் ஒருவரானார்.

இம்மிசனின் தோல்விக்குரிய காரணங்களுட் தலையாயது அதன் தொடக்க எண்ணமே எனலாம். பிரித்தானியாவில் 1837ஆம் ஆண்டு முதல் மோர்மன் மிசன் பெருவெற்றி கண்டிருந்தது. 1851ஆம் ஆண்டளவில் அங்கு முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சபையிற் சேர்ந்திருந்தனர். இங்கிலாந்திற் பலித்தது இந்தியாவிலுள்ள ஆங்கிலேயரிடமும் பலிக்கும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. சிலர் நாட்டு மொழிகளைக் கற்க முயன்றபோதும், மிசனின் முதன்மையான நோக்கு ஆங்கிலம் பேசுவோரை விட்டு அகலவில்லை. அகன்றிருப்பினும், பல மொழிகளும் பல சமயங்களும் ஆழ வேரூன்றிய ஒரு துணைக்கண்டத்தில் ஒரு சிலர் ஓரிரு ஆண்டுகளிற் சாதிக்கக்கூடியது சிறிதே.

சோர்வை வென்ற கதைகள் யாரால், எப்போது கூறப்படுகின்றன என்னும் கேள்வி இங்கு எழுகின்றது. சாமுவேலின் பயணத்தை அவருடைய தாயார் பதிவுசெய்தபோது பிரிகாம் யங் சபையின் முன்னணித் தலைவராகிவிட்டார். கானன் தமது முதல் மிசனைப் பற்றிய நூலை 1879ஆம் ஆண்டில், இளைஞரை ஊக்குவிக்கும் நூல்வரிசையின் முதல் நூலாக வெளியிட்டார். இருவருக்கும் கதையின் முடிவு தெரிந்திருந்தது. முடிவு தெரிந்தவனுக்கு அப்பிள் மரத்தடியும் புளித்த உணவும் இனிய நினைவுகளே. அவற்றை அனுபவித்த வாரத்தில் அவை அவ்வாறு தோன்றியிரா. இந்தியாவுக்கு வந்தோரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் தனிமதிப்புப் பெறுவது இதனாலேயாம். நல்ல முடிவு வரும் என்பதனை அறியாது, உண்மையில் அது வராமலே, நாளுக்கு நாள் எழுதப்பட்டவை அவை.

இப்பதிவுகள் அனைத்தையும் ஒருங்கே நோக்குமிடத்து, அம்மனிதரைத் தாங்கியவை சில எளிய ஒழுங்குகளே என்பது புலனாகும். முதலாவது, துணை. இருவராகச் செல்லும் வழக்கம் ஒருவன் சோர்ந்தபோது மற்றவன் எழுப்புவதற்கு வாய்ப்பளித்தது. இரண்டாவது, நாட்குறிப்பு. ஹவாயில் தங்கிய ஐவருள் ஒருவரான ஹென்றி பிக்லர், அதற்கு முன் கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்ட நாளாகிய 1848ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதியைத் தம் குறிப்பிற் பதிந்து வரலாற்றுக்குத் தந்தவர். எதையும் எழுதிவைக்கும் அப்பழக்கம் வெறுமையான நாளுக்கும் ஓர் உருவம் கொடுத்தது. மூன்றாவது, அன்றன்றைய வேலை. எத்தனை பேர் சேர்வர் என்பது மிசனரியின் கையில் இல்லை. எத்தனை மைல் நடப்பது, எத்தனை சொற்களைக் கற்பது என்பன அவன் கையில் இருந்தன.

இவற்றோடு நான்காவதொன்றையும் கானனிடத்தில் மட்டுமே தெளிவாகக் காண்கின்றோம். அது தன் வழியைத் தானே மறுபரிசீலனை செய்யும் துணிவு. மாறா நம்பிக்கையுடன் அதே கதவைத் தட்டிக்கொண்டிருப்பது பிடிவாதமாகவும் முடியலாம். யாரிடம் பேசுகின்றோம், எந்த மொழியிற் பேசுகின்றோம் என்று சோர்வுற்ற வேளையில் வினவுபவனுக்கே அச்சோர்வு ஆசானாகின்றது. எனினும், அவ்வினாவை எழுப்பியோர் யாவரும் வெற்றி பெறுவர் என வரலாறு உறுதி கூறவில்லை.

நபேலாவின் இறுதிக்காலம் இதற்குச் சான்று பகரும். அவருடைய மனைவி தொழுநோயுற்று மொலொக்காய்த் தீவின் கலாபாப்பா குடியேற்றத்துக்கு 1873ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டபோது, நபேலா அவரைப் பிரிய மனமின்றி உடன் சென்றார். தமியான் அடிகளார் அங்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. நோயாளரிடையே பணிபுரிந்த நபேலா தாமும் அந்நோய்க்கு ஆளாகி 1879ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். கானனின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. ஒருவர் தமது நம்பிக்கையின் விளைவை நூலாகக் கண்ட ஆண்டில், மற்றவர் விளைவெதனையும் எதிர்பாராத ஊழியத்தில் உயிர்நீத்தார்.

சாமுவேலையும் கானனையும் நினைவுகூரும் வரலாறு பலன்டைனையும் ஸ்கெல்டனையும் நபேலாவையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். விளைச்சலைக் கொண்டு நிலத்தை மதிப்பிடலாம். உழவனை மதிப்பிடுவதற்கோ, மழை பொய்த்த ஆண்டில் அவன் என்ன செய்தான் என்பதனையே கேட்டல் வேண்டும்.