ஐந்து ரூபாய்க் கணக்கு

பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்தில் பத்துப் பேரோடு கூட்டு போடுவார். மாதம் பத்து வெள்ளி. மொத்தப் பணமும் மாதம் ஒருவர் கைக்குப் போகும். "யாருக்காச்சும் ஆஸ்பத்திரி செலவு வந்துட்டா, முறைய அவங்களுக்கு விட்டுக் கொடுத்துருவோம்" என்பார்.

பத்துப் பேர் சரி. அதையே 16 லட்சம் பேர் செய்தால்?

2003இல் கர்நாடகத்தில் அப்படி ஒன்று தொடங்கியது. பெயர் யசஸ்வினி. உலக வங்கியின் பட்டியலில் இந்தியா அப்போது குறைந்த வருமான நாடு. இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி முன்வைத்த யோசனை ரொம்ப எளிமையானது. தனியார் மருத்துவமனைகளில் அறுவை அரங்குகள் பல நேரம் காலியாகக் கிடக்கின்றன. வெளியே விவசாயி ஆபரேஷனுக்குப் பணமில்லாமல் நிற்கிறார். இரண்டையும் இணைத்தால் என்ன?

பொறியியல் படித்தவனுக்கு இது உடனே பிடிபடும். சும்மா நிற்கும் இயந்திரத்தை ஓட்ட ஆகும் கூடுதல் செலவு குறைவு. அதனால் மருத்துவமனைகள் குறைந்த, நிலையான கட்டணத்துக்குச் சம்மதித்தன. ஆபரேஷன் ஆயிரத்தில் சிலருக்குத்தான் வரும். அதனால் சந்தா மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 என்று வைக்க முடிந்தது. காப்பீட்டு நிறுவனம் எதுவும் நடுவில் இல்லை. ஓர் அறக்கட்டளையே நிதியை வைத்திருந்தது. சந்தா வசூலிக்கப் புது ஆட்களும் தேவைப்படவில்லை. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கனவே இருந்தன.

முதல் ஆண்டில் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் ஆண்டில் 20 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் 60 ரூபாய் போதவில்லை. அரசு பணம் போட்டுத்தான் கணக்கு நேரானது. மூன்றாம் ஆண்டில் சந்தா 120 ரூபாய் ஆனது. உறுப்பினர் எண்ணிக்கை 15 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

நகரத்தில் இருந்து பார்த்தால், "அறுபது ரூபாதானே கூட்டினாங்க?" என்று தோன்றும். தலைக்கு அறுபது. வீட்டில் ஆறு பேர் இருந்தால்? நோய் வராத வருடம் அது போன பணம்தானே என்று ஒரு விவசாயி நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வாங்கும் மருந்தை இந்தத் திட்டம் தரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இல்லாத நிலமற்ற கூலிக்கு உள்ளே வர வழியே கிடையாது.

தனியார் வந்ததால் கெட்டுப்போனது என்று எழுதிவிடலாம். உண்மை அப்படி இல்லை. அந்த அரங்குகள் திறக்காவிட்டால் பல ஆயிரம் ஆபரேஷன்கள் நடந்தே இருக்காது. ஆனால் காலி அரங்கு எங்கே இருந்ததோ, அங்கிருந்துதான் திட்டம் வரையப்பட்டது. ஆபரேஷன் தேவைப்பட்டவருக்கு இடம் கிடைத்தது; மாத்திரை தேவைப்பட்டவர் வெளியிலேயே நின்றார்.

2018இல் யசஸ்வினி அரசின் பொதுத் திட்டத்தில் கரைந்தது. கூட்டுறவு உறுப்பினர்கள் விடவில்லை, திரும்பக் கேட்டார்கள். 2022இல் மறுபடி வந்தது.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "காசு கட்ட முடியாதவங்கள யார் போய்ப் பாத்தாங்க?"